மூன்றாம் சிலிண்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.5.2025

ஜெபக்குமார் அவர்களுக்கு,

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஆத்திரத்தில் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு ‘ம்’ கொட்டத்தான் இடம் இருக்கும். பதினாலு வருஷம் கொட்டியாயிற்று. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எழுத்தில் குறுக்கே பேச முடியாது. பெலிக்ஸ் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கவும் வேண்டாம். அண்ணன் உங்களை உட்கார வைத்துக் காபி கொடுக்கும், அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் வண்டியைப் பற்றி வாதம் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி காலை ஒன்பதரைக்கு வத்திராயிருப்பு அம்மா வீட்டிலிருந்து மதினி போன் பண்ணியது. “அத்தைக்கு மூச்சு வாங்குது. ஒன்னயத்தான் கேக்காவ. ஒடனே பொறப்பட்டு வா.” நான் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டேன். “பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் ஆகும். நம்ம பீட்டில்ல முக்கா மணி” என்று சாவியை எடுத்தீர்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டி நாலாவது கிலோமீட்டரில் அந்தப் பழைய பீட்டில் கார் நின்றது. “செத்த நேரம் ஆறட்டும், எடுத்துரும்” என்று ஆறு தடவை சொன்னீர்கள். எண்ணிக்கொண்டுதான் நின்றேன். அண்ணன் பைக்கில் வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குத் தாடையைக் கட்டியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். பல்லடத்தில் ஒரு மில்லில் லேபுக்கு ஆள் கேட்கிறார்கள், ஹாஸ்டல் இருக்கிறது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். போனால் திரும்பி வருவதாக எண்ணம் இல்லை.

அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு ஏன் நின்றது?

ஹெப்சிபா


ராஜபாளையம்
14.5.2025

ஹெப்சி,

பன்னிரண்டு கிலோமீட்டர் வர உன் கடிதம் நாலு நாள் எடுத்திருக்கிறது. அதற்கு நம் வண்டியே தேவலை என்று எழுதக் கை போனது. மன்னித்துவிடு. எனக்கு இப்போது நிதானமே இல்லை. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

எஞ்சினை இறக்கிவிட்டேன். சாப்பாட்டு மேஜை மேல்தான் பிரித்துப் போட்டிருக்கிறேன், பேப்பர் விரித்துத்தான். நாலு சிலிண்டரில் மூன்று சுத்தம். மூன்றாம் சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் சூட்டில் உப்பி, சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நகத்தால் பிறாண்டின மாதிரி கோடு கோடாக இருக்கிறது. இது தண்ணீர் இல்லாத எஞ்சின், ஹெப்சி. ரேடியேட்டர் கிடையாது. ஒரு ஃபேன் ஊதுகிற காற்றும் உள்ளே ஓடுகிற ஆயிலும்தான் அதைக் குளிர்விக்க வேண்டும். இந்த மாடலில் ஆயில் கூலர், காற்று வருகிற வழியில் மூன்றாம் சிலிண்டருக்கு முன்னால் நிற்கிறது. அதனால் மற்ற மூன்றுக்கும் கிடைக்கிற காற்று அதற்குக் கிடைப்பதில்லை. பிறவியிலேயே அதற்குக் கொஞ்சம் சூடு அதிகம்.

டிசம்பரில் நான் என்னென்ன மாற்றினேன் என்று உனக்கே தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வாங்கிய பழைய ஜோடிக் கார்ப்பரேட்டர், திறந்த சைலன்ஸர். எஞ்சினைச் சுற்றி இருந்த துருப்பிடித்த தகடுகளையும் ரப்பர் பட்டையையும் கழற்றி எறிந்தேன், காற்று தாராளமாகப் போகட்டும் என்று. கார்ப்பரேட்டர் பெட்ரோலைக் குறைத்து விட்டிருக்கும் என்று ஒரு சந்தேகம். சைலன்ஸர் மேல் ஒரு சந்தேகம். எப்படியும் பிரித்தாகிவிட்டது, பெரிய பிஸ்டனாகப் போட்டு 1300-ஐ 1600 ஆக்கிவிடலாமா என்று பார்க்கிறேன். எஞ்சின் கேஸைக் கடைசல் பிடிக்க வேண்டும், அது ஒன்றுதான் பெரிய செலவு. மற்றதெல்லாம் என் கையாலேயே செய்துகொள்வேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

பல்லடம் தூரம்.

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.5.2025

நான் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் அனுப்பியது கொட்டேஷன்.

அம்மா செத்து ஒரு மாதம் ஆகவில்லை, வண்டியை 1600 ஆக்கப் போகிறாராம். அதுவும் என் மேஜை மேல்! கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிப் படித்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தகடுகளைக் கழற்றி எறிந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. உங்கள் தொழில் என்ன? மில்லுக்கு மில் காற்றுக் குழாய் போடுகிறவர்தானே? எங்கள் மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் கதவை எந்தப் பிள்ளையாவது செங்கல் வைத்துத் திறந்து வைத்தால் என்ன கத்துக் கத்துவீர்கள்? “ஏட்டி, கதவ மூடு! பிளான்ட் காத்த வெளிய விட்டுட்டு வெக்கைய உள்ள இழுக்கீயளா?” லேபுக்குள் இருக்கிற எனக்கே காதில் விழும். குளிர்ந்த காற்று போக ஒரு வழி, சூடு வெளியேற ஒரு வழி, இரண்டும் கலக்கக் கூடாது என்று சூப்பர்வைசருக்கெல்லாம் பாடம் எடுத்த ஆள், தன் எஞ்சினுக்கு நடுச்சுவரை இடித்து வைத்திருக்கிறார். சைலன்ஸர் விடுகிற வெக்கையையே ஃபேன் திரும்ப இழுத்து எஞ்சின் மேல் ஊதியிருக்கும். பிறவியிலேயே சூடான அந்த மூன்றாவது தாங்குமா?

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் காற்று, உங்கள் வண்டிக்கு இல்லை.

எனக்கு எஞ்சின் தெரியாது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள். சரியாக இருந்தாலும் சொல்லுங்கள், அதுதான் முக்கியம்.

ஹெப்சிபா


ராஜபாளையம்
26.5.2025

ஹெப்சி,

சரிதான். நீ சொன்னது அப்படியே சரி.

கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு எஞ்சினை ஒப்புக்குப் பூட்டி வண்டியில் ஏற்றி, சைலன்ஸர் பக்கம் ஒரு ஹீட்டரை வைத்து, ஃபேனை மோட்டார் போட்டுச் சுற்றவிட்டேன். மில்லில் காற்றுப் போக்குப் பார்க்க நூல் கட்டித் தொங்கவிடுவோமே, அதேபோல் சுற்றிலும் எட்டு இடத்தில் நூல் கட்டினேன். எட்டு நூலில் ஆறு நூல் வெளியே போகாமல் உள்ளே வளைந்தது. தரையிலிருந்த வெக்கை மேலே ஏறி ஃபேனுக்குள் போகிறது. கண்ணால் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தான் சோறு தின்கிறேன். வெளியே யாரிடமாவது சொன்னால் என்னைக் குழாய் போடக் கூப்பிட மாட்டார்கள்.

பெரிய பிஸ்டனை விட்டுவிட்டேன். பழைய அளவிலேயே புது செட் வாங்கியாயிற்று. ஜோடிக் கார்ப்பரேட்டரையும் கழற்றி, பழைய ஒற்றையையே போடப் போகிறேன். தகடுகளை என் பட்டறையிலேயே ஜி.ஐ. ஷீட்டில் வெட்டி வளைத்துவிட்டேன், குழாய் வேலையில் மிஞ்சிய துண்டுகளே போதும். விளிம்புக்குப் பிளான்ட் ரூம் கதவில் ஒட்டுகிற ரப்பர். ஸ்பார்க் கொடுக்கிற பாயின்டுக்குப் பதில் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று, ஆயிலுக்கு ஒரு ஃபில்டர். இரண்டு ஹெட்டிலும் பெட்ரோல் எரிகிற குழி நான்கையும் ஊசிக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தேன். ஒன்று நாற்பத்தைந்து மில்லி பிடிக்கிறது, இன்னொன்று நாற்பத்தேழு. அரத்தால் மெதுவாக ராவி நான்கையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறேன். பைசா செலவில்லை, தோள்பட்டைதான் விட்டுப்போகிறது. நாலும் ஒரே அளவில் உழைத்தால் எஞ்சின் ஆடாது, இருக்கிற பலமே கூடுதலாகத் தெரியும்.

ஒரு உதவி வேண்டும். கேட்க வெட்கமாக இருக்கிறது. பிஸ்டன் நாலும் ஒரே எடையாக இருக்க வேண்டும். மேஜைத் தராசில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை காட்டுகிறது. நீ லேபில் நூலை எப்படி எடை போடுவாய்?

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.6.2025

ஃபேனை நிறுத்துங்கள். நீங்கள் நிச்சயமாக ஃபேனுக்குக் கீழேதான் தராசை வைத்திருப்பீர்கள். அது சமமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை. பிஸ்டனில் ஆயில் பிசுக்கு இருக்கக் கூடாது. ஒன்றை மூன்று தடவை எடை போட்டு, மூன்றும் ஒத்துப் போனால்தான் எழுத வேண்டும். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், உங்கள் ஞாபகம் எனக்குத் தெரியும். நாலில் எது லேசோ அதுதான் கணக்கு. மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகக் குறையுங்கள். எங்கே ராவ வேண்டும் என்பது உங்கள் பாடு. கனெக்டிங் ராடை ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறு முனையைத் தராசில் வைத்துப் பாருங்கள். நூல் நேராகத் தொங்க வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு இன்னொரு முனை.

இதை எழுதிவிட்டு எதற்கு எழுதினேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அண்ணனுடைய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒருவருடைய ஆதார் கார்டுக்கு முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு ஒரு அம்மாவுக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்து தெருவில் ஓடினேன். எந்த வேலையிலும் புத்தி நிற்கவில்லை. தூங்கினால் அம்மா கூப்பிடுகிறது போலவே இருக்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பல்லடத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று மதினி சொல்கிறது.

ஒன்று சொல்கிறேன். தகடு, ரப்பர், காற்று எல்லாம் சரி. அன்றைக்கு நடந்ததில் நீங்கள் இன்னும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு கடிதமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்து எழுதாமல் போகிறீர்கள். எனக்குத் தெரியும். மனசில் வைத்துக்கொண்டு நல்லவராக இருக்க வேண்டாம். எழுதித் தொலையுங்கள்.

ஹெப்சிபா


ராஜபாளையம்
8.6.2025

ஹெப்சி,

உனக்குத் தெரிந்துவிட்டது என்று படித்தவுடன் அரத்தைக் கீழே வைத்துவிட்டேன். எப்படித் தெரிந்தது? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாயா?

ஆமாம். ஆயில் விளக்கு எரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் வண்டியை மெதுவாக்கியபோதே ஒரு தடவை மினுக்கியது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. கிருஷ்ணன்கோவிலில் திரும்பும்போது எரிந்து அணையாமலே நின்றது. அந்த விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது ஓட்டப் பழகுகிறவனுக்குக்கூடத் தெரியும். அங்கேயே நிறுத்தியிருந்தால் நாலு பஸ் நிற்கிற இடம், ஆட்டோ இருக்கிறது, நீ போயிருப்பாய்.

ஏன் நிறுத்தவில்லை என்றால், கிறிஸ்துமஸுக்கு பெலிக்ஸ் மச்சான் எல்லார் முன்னாலும் “இந்த ஆமைய வச்சிக்கிட்டு எம்புட்டு தூரம் போகப் போறீய மாப்ள?” என்று சிரித்தார் இல்லையா, அதுதான். முக்கால் மணியில் அவர் கண் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஓட்டினேன். அத்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மச்சானோடு பந்தயம் ஓட்டியிருக்கிறேன். எனக்குப் பெண் கொடுத்த மனுஷி. எனக்கென்று தனியாக மீன் தலையை எடுத்து வைப்பார்கள்.

டிசம்பரில் தகட்டைக் கழற்றியது முட்டாள்தனம். விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டியது முட்டாள்தனம் இல்லை, அது வேறு. அதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

நீ கேட்டது இதுதான், சொல்லிவிட்டேன். பல்லடம் போகிறாய் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வரக்கூட எனக்கு முகம் இல்லை.

ஒரு பிஸ்டன் மட்டும் ஒன்பது கிராம் கூடுதலாக இருந்தது. குறைத்துவிட்டேன். ஃபேனுக்குக் கீழேதான் தராசை வைத்திருந்தேன்.

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.2025

நான் கேட்டது அதில்லை.

விளக்கு எரிந்தது எனக்குத் தெரியாது. படித்துவிட்டு உங்களை நன்றாகத் திட்டினேன், கடை என்று பார்க்காமல் வாய்விட்டே. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துபோய் வெளியே நின்றுகொண்டார். இரண்டு நாள் உங்கள் மேல் அவ்வளவு கோபம். மூன்றாம் நாள் கோபப்பட முடியவில்லை. நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது?

வண்டி நின்று பத்து நிமிஷத்தில் வத்திராயிருப்பு பஸ் வந்தது.

நீங்கள் பின்னால் எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டிருந்தீர்கள். டிரைவர் ஹாரன் அடித்து வேகத்தைக் குறைத்தான். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு “ஏறுதீயளாக்கா?” என்று கேட்டான். நான் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டேன். அப்போது மணி பத்தே முக்கால். அங்கிருந்து அம்மா வீட்டுக்குக் கால் மணி நேர ஓட்டம். அம்மா போனது பதினொன்றே காலுக்கு. மதினியிடம் நாலு தடவை கேட்டுவிட்டேன், நேரம் மாறவில்லை.

அப்பா சாகும்போது இரண்டு நாள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். தலைமாட்டில் நான்தான் இருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவுக்கும் அதே சத்தம் வந்துவிடுமே என்று வழியெல்லாம் கை நடுங்கிக்கொண்டே வந்தேன். வண்டி நின்றதும் எனக்கு, எழுதவே கூசுகிறது, அப்பாடா என்று இருந்தது. பஸ் வந்தபோது ஏறியிருக்கலாம். பயந்துவிட்டேன். என்னைப் பெற்றவள் என்னைத்தான் கேட்டாள், நான் ரோட்டில் நின்றேன்.

அன்றைக்கு ஒரு ஆள் கிடைத்தார் பழி போட, அது நீங்கள். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் ‘பஸ் வந்தபோது ஏறாதவள் நீதானே’ என்று இதில் எழுதியிருப்பார் என்றுதான் பிரிப்பேன். எழுதவில்லை. எழுதியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் பல்லடம் போயிருப்பேன்.

நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஹெப்சி


ராஜபாளையம்
19.6.2025

ஹெப்சி,

பார்த்தேன்.

ஹாரன் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினேன். பஸ்ஸைப் பார்த்தேன், உன் கையையும் பார்த்தேன். “ஏறு” என்று ஒரு சத்தம் கொடுக்க எனக்கு நேரம் இருந்தது. கொடுக்கவில்லை. வண்டி எடுத்துவிடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். தலையைத் திரும்ப உள்ளே விட்டுக்கொண்டேன். அதனால் அந்தப் பஸ் உன்னால் மட்டும் போகவில்லை.

உன் கை நடுங்கியதும் எனக்குத் தெரியும். கியர் மாற்றும்போது பட்டது, ஐஸ் மாதிரி இருந்தது. அன்றைக்கு எதையும் விசாரிக்காமல் ஓட்டினேன், இது ஒன்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பஸ்ஸைப் பற்றி எழுத எனக்கு எப்படி மனசு வரும்? தகடு, பிஸ்டன், விளக்கு எல்லாம் என் தலையில் கிடக்கட்டும், எஞ்சின் தலையில் கிடக்கட்டும். அது தாங்கும். பஸ்ஸைச் சொன்னால் அது உன்னிடம்தான் வந்து சேரும். அம்மாவைப் பறிகொடுத்தவளிடம் அதைக் கொண்டுவந்து கொடுக்க நான் யார்?

பயந்தால் என்ன? பெற்ற தாய் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? அப்பாவுக்கு நீ ஒருத்தியே இரண்டு நாள் உட்கார்ந்தாய். அப்போது மச்சான் வெளியே நின்று பீடி குடித்தார், நான் மருந்து வாங்குகிறேன் என்று கடைத்தெருவில் சுற்றினேன். எங்களை யாரும் கேட்கவில்லை.

வண்டி ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை பிளவக்கல் அணை வரை போய் வந்தேன், நல்ல வெயிலில். விளக்கு ஒரு தடவைகூட மினுக்கவில்லை. முன்பு இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறின மேட்டில் மூன்றாவதிலேயே ஏறியது. அணையில் நிறுத்தி எஞ்சின் மேல் கையை வைத்தேன். நாலு சிலிண்டரும் ஒரே சூடு. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பிப் பார்த்தால் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

போகாதே, ஹெப்சி. இந்த ஒரு வார்த்தையை எழுதத் தெரியாமல்தான் ஒரு மாதமாகப் பிஸ்டனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.6.2025

உங்களுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். மதினி என்ன என்று கேட்டது. வண்டி சரியாகிவிட்டதாம் என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா போனதிலிருந்து இப்படி அழுததில்லை. அன்றைக்கு எல்லாரும் அழுதபோது அழ எனக்கு என்ன உரிமை என்று நின்றிருந்தேன்.

பஸ் போனதை நான் என்றைக்கும் மறக்கப் போவதில்லை. நீங்கள் பாதியை எடுத்துக்கொண்டதற்காக அது இல்லாமல் போய்விடாது. ஆனால் அது தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறார் என்று நினைத்தால் மூச்சு விட முடிகிறது.

பல்லடத்துக்குப் போன் பண்ணி ஒன்றாம் தேதி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை.

அம்மா வீடு பூட்டிக் கிடக்கிறது. துணிமணியை எடுத்து ஒதுக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் அந்த அறைக்குள் போகவில்லை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, அண்ணனோடு போனால் அது அவசரப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடைப் பக்கம் வாருங்கள். வண்டியிலேயே வாருங்கள். மெதுவாகப் போவோம், யாரும் நமக்காக அங்கே காத்திருக்கவில்லை.

விளக்கு எரிந்தால் என்னிடம் சொல்லுங்கள். எனக்குக் கை நடுங்கினால் நானும் சொல்கிறேன். வண்டி வழியில் நின்றுவிட்டால் நான் ரோட்டுக்கு வந்து, வருகிற முதல் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவேன். நீங்கள் மூடியைச் சாத்திவிட்டு என் பின்னாலேயே ஏற வேண்டும்.

ஹெப்சி